பேசிக்கொள்ளாத இரண்டு விமானங்கள்

எங்கள் ஓடுபாதைக்குக் கோபுரம் கிடையாது. பெரிய இடங்களில் உயரத்தில் கண்ணாடி அறை கட்டி, அதில் ஆளை உட்கார வைத்து, நீ இறங்கு, நீ கொஞ்சம் பொறு என்று சொல்ல வைப்பார்களாம். எங்களிடம் இருந்ததெல்லாம் இறுகிப்போன மண்தரை, ஒரு தகரக் கொட்டகை, உரம் கலக்கும் தொட்டி, பம்பு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கக் கம்பத்தில் கட்டிய துணிப்பை, அப்புறம் முதலாளியின் வாய். வாய் பெரியதுதான். ஆனாலும் வானம் வரைக்கும் எட்டாது.

விமானங்கள் இரண்டு. வயலுக்கு மேல் தாழப் பறந்து மருந்தும் உரமும் தெளிக்கிற ரகம். ஒன்று மஞ்சள். இன்னொன்று ஒரு காலத்தில் வெள்ளை. விமானம் என்றதும் நீங்கள் நினைத்துக்கொள்வது வேறு. இது இறக்கை முளைத்த தொட்டி. தொட்டிக்குப் பின்னால் ஒரே ஒரு ஆள் உட்கார ஒரு பொந்து. எங்களைப் போன்ற சுமை ஆட்கள் மூட்டையைச் சுமந்து வந்து, கலக்கி, குழாய் மாட்டி அதன் வயிற்றை நிரப்புவோம். அது ஓடி எழும்பி, வயலில் கொட்டிவிட்டு, ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் திரும்பி வந்து நிற்கும். மறுபடியும் நிரப்புவோம். விடிந்ததிலிருந்து வெயில் சாயும் வரை இதே பாடுதான். தோளில் தோல் உரிந்து தோல் வளரும்.

தொட்டியின் அடியில் அகலமான ஒரு கதவு உண்டு. விமானியின் இடது கைப்பக்கம் இருக்கிற சிவப்புக் கைப்பிடியை இழுத்தால் அது திறந்து, மொத்தச் சுமையும் ஒரே மூச்சில் கீழே கொட்டிவிடும். சுமை போனதும் விமானம் இலேசாகி மேலே துள்ளும். உயிருக்கு ஆபத்து என்றால் இழுப்பதற்காக வைத்தது. முதலாளிக்கு அந்தச் சிவப்பைப் பார்த்தாலே வீணாகப் போகிற உரத்தின் விலை ஞாபகம் வரும். யாரும் அதை இழுத்து நாங்கள் பார்த்ததில்லை.

வானத்தில் கோடு போட முடியாது. திருப்பத்தில் ஹாரன் அடிக்கவும் முடியாது. அதிலும் இந்த விமானத்தில் விமானியின் மூக்குக்கு முன்னால் தொட்டி மறைத்துக்கொண்டு நிற்கும். எதிரில் வருவது தெரியும்போது அது ஏறக்குறைய மடியில் இருக்கும். ஆகவே எங்கள் இடத்தில் மோதாமல் இருப்பதற்கு ஒரே ஒரு ஏற்பாடுதான். வாயைத் திறக்க வேண்டும். எங்கே இருக்கிறேன், எந்தப் பக்கம் திரும்புகிறேன், எந்த முனையிலிருந்து இறங்கப் போகிறேன், எல்லாவற்றையும் வயர்லெஸ்ஸில் சொல்லிவிட வேண்டும். மற்றவர் கேட்டு ஒதுங்கிக்கொள்வார். இருவருக்கும் ஒரே அலைவரிசை. கொட்டகைக்கு வெளியே கம்பத்தில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியும் தொங்கியது, யார் வருகிறார்கள் என்று தெரிந்து நாங்கள் குழாயோடு தயாராக இருக்க. பேச்சுத்தான் அங்கே இரண்டு விமானங்களுக்கும் நடுவில் இருந்த சுவர்.

அந்தச் சுவர் இடிந்தது ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில்.

மஞ்சளை ஓட்டுகிறவர் அண்ணன். வெள்ளையை ஓட்டுகிறவர் அவருடைய தங்கையின் கணவர். ஒருவரை ஒருவர் மாப்பிள்ளை என்றும் மச்சான் என்றும் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அண்ணன்காரர் மச்சான், தங்கை கணவர் மாப்பிள்ளை என்றே ஆகிவிட்டார்கள். அந்தத் தங்கை கொட்டகையில் இருந்தாள். எரிபொருள் வந்தது போனது, எந்த வயலுக்கு என்ன மருந்து, எல்லாம் அவள் பொறுப்பு. எங்களுக்கு அவள் அக்கா. நாற்பது வயதைத் தாண்டியவளை அண்ணன்காரர் மட்டும் வயர்லெஸ்ஸில் பாப்பா என்று கூப்பிடுவார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்போம்.

அன்றைக்கு மாப்பிள்ளை இறங்கியது கொஞ்சம் கரடுமுரடு. சக்கரம் தரையைத் தொட்டு, குதித்து, மறுபடி தொட்டு, மறுபடி குதித்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மச்சான் எங்களைப் பார்த்துக் கேட்டார்.

“ஏம்ப்பா, மாப்பிள்ளை விமானத்த இறக்கினாரா, மூட்டையத் தூக்கிப் போட்டாரா?”

நாங்கள் சிரித்தோம். வேறு என்ன செய்வது? எங்கள் பிழைப்பே மூட்டை. ஒரு விமானி எங்கள் பாஷையில் நக்கல் அடித்தால் சிரிக்காமல் இருக்க முடியுமா? என்னோடு வேலை பார்த்த கட்டை என்கிறவனுக்குச் சிரித்ததில் மூக்கு வழியாகத் தண்ணீர் வந்துவிட்டது. உண்மையில் மூட்டையை யாரும் தூக்கிப் போடுவதில்லை. போட்டால் கிழியும், கிழிந்தால் முதலாளி நம்மைக் கிழிப்பார். முழங்காலை மடக்கி, பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி இறக்க வேண்டும். ஆனால் அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கையைக் கழுவினார். அதோடு பேச்சையும் கழுவிவிட்டார். சிரித்தது நாங்கள், கோபம் மச்சான் மேல். மன்னிப்புக் கேட்கிற வரை அந்த ஆளோடு பேச்சில்லை என்று அக்காவிடம் சொன்னாராம். விளையாட்டுக்குச் சொன்னதற்கெல்லாம் யார் மன்னிப்புக் கேட்பது, அவரே வந்து பேசட்டும் என்று மச்சானும் அக்காவிடமே சொன்னாராம். ஆக, எவர் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவர் தோற்றவர்.

தரையில் இது வழக்கமான குடும்பச் சண்டை. வானத்தில் அப்படியில்லை.

மறுநாள் காலையில் ஒலிபெருக்கிப் பெட்டி வாயே திறக்கவில்லை. இரண்டு பேரும் அவரவர் பாட்டுக்குப் போனார்கள், வந்தார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது நான் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளை ஓடுபாதையிலிருந்து எழும்புகிறது. அதே நேரத்தில் மஞ்சள் கொட்டகைக்குப் பின்னாலிருந்து திரும்பி வருகிறது. மஞ்சளின் சக்கரம் வெள்ளையின் தலைக்கு மேலே, ஒரு ஆள் கையை நீட்டினால் தொடலாம் போல, தாண்டிப் போயிற்று. கம்பத்துத் துணிப்பை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அக்கா வாசலில் நின்று அதைப் பார்த்தாள். உள்ளே ஓடி வயர்லெஸ் மைக்கைப் பிடித்தாள்.

அன்றிலிருந்து அவர்கள் இருவரும் அக்காவின் வாய் வழியாகப் பறந்தார்கள்.

“பாப்பா, அந்த ஆளத் தெக்க தள்ளிப் போகச் சொல்லு” என்பார் மச்சான்.

“ஏங்க, உங்களால கொஞ்சம் தெக்க தள்ளிப் போக முடியுமான்னு அண்ணன் கேக்குறாரு” என்பாள் அக்கா.

“முடியாதுன்னு சொல்லு.”

“அண்ணே, இதோ முடிச்சிட்டுத் தள்ளிப் போயிடுறேங்குறாரு.”

கவனிக்க வேண்டியது என்னவென்றால், எல்லாம் ஒரே அலைவரிசை. அவர் சொன்னது இவர் காதில் விழும், இவர் சொன்னது அவர் காதில் விழும். ஆனால் விழுந்ததைக் கேட்டதாக எடுத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல். அக்கா வாயிலிருந்து வந்தால்தான் அது பேச்சு. அதுவரை என்ஜின் சத்தத்தோடு அதுவும் ஒரு சத்தம். இதில் அக்கா கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டு நல்ல வார்த்தையைப் போட்டு, மரியாதை சேர்த்து, பதமாகச் சொல்வதால் செய்தி நீளமாகிவிடும். செய்தி நீள நீள விமானங்கள் நெருங்கும்.

கொட்டகையில் சாப்பாட்டு மேஜையிலும் அப்படியே. அந்த உப்பை இங்கே தள்ளச் சொல்லு என்பார் ஒருவர். உப்பு மற்றவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். அக்கா அடுப்படியிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனால் உப்பு நகரும். கட்டை ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, தண்ணீர்ச் சொம்பை எடுத்துத் தரச் சொல்லி அக்கா மூலமாக என்னிடம் சொல்லி அனுப்பினான். அக்கா சொம்பையே அவன் மேல் எறிந்தாள்.

கொஞ்ச நாளில் புதுத் தகராறு முளைத்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்க வந்தால் ஒருவர் ஒதுங்கிச் சுற்றிவிட்டு வர வேண்டும். அக்கா யாரை ஒதுங்கச் சொன்னாலும் அவருக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. எப்போதும் என்னையே ஒதுங்கச் சொல்கிறாய், உனக்கு உன் அண்ணன்தான் உசத்தி என்று வீட்டில் புருஷன். கல்யாணம் ஆனதும் கூடப் பிறந்தவன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டானா என்று கொட்டகையில் அண்ணன். அக்கா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். வயர்லெஸ் பெட்டிக்கு மேலே சுவரில் இரண்டு ஆணி அடித்தாள். இடது ஆணி அண்ணன், வலது ஆணி புருஷன். குழாய் மூட்டுக்குப் போடுகிற ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து மாட்டினாள். வளையம் யார் ஆணியில் இருக்கிறதோ அவர் இந்தத் தடவை ஒதுங்க வேண்டும். ஒதுங்கியதும் வளையம் அடுத்த ஆணிக்கு மாறும்.

யார் பக்கத்தில் இருக்கிறார், யார் சுமையோடு வருகிறார், யாருக்கு எரிபொருள் குறைவு, எதுவும் கணக்கில்லை. வளையம் சொன்னால் சொன்னதுதான். சண்டை நின்றது. அந்த மட்டில் அக்காவுக்கும் நிம்மதி. வானத்தைப் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு ஆணியைப் பார்க்கிற வேலையாகிவிட்டது.

முதலாளியும் தம் பங்குக்கு முயன்றார். வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கிற வயல் எல்லாம் மச்சானுக்கு, மேற்கே இருப்பதெல்லாம் மாப்பிள்ளைக்கு என்று பிரித்துக் கொடுத்தார். வானத்தைப் பங்கு போட்டுவிடலாம், ஓடுபாதை ஒன்றுதானே? உரம் நிரப்ப இருவரும் எங்களிடம்தான் வந்தாக வேண்டும். பிறகு ஒருநாள் இருவரையும் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, குடும்பம், ஒற்றுமை என்று நீளமாகப் பேசி, நடுவில் நின்று இரண்டு பேர் கையையும் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் முதலாளியின் கையை நன்றாகக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

சிரிப்பாகத்தான் இருந்தது. அக்கா முகத்தைப் பார்க்காத வரைக்கும்.

அவள் இளைத்துப் போயிருந்தாள். என்ஜின் சத்தம் கேட்கிற நேரம் முழுக்கச் சாப்பிட மாட்டாள், ஒரு வாய் டீயும் குடிக்க மாட்டாள். ஒருநாள் நான் தொட்டியில் கழியைவிட்டுக் கலக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு விமானங்களும் வெகுதூரத்தில் ஈ மாதிரி தெரிந்தன.

“மோதினா என்னடா பண்ணுவேன்?” என்றாள். “புருஷன் போனா அண்ணன் தோள்ல சாஞ்சு அழலாம். அண்ணன் போனா புருஷன் தோள். ரெண்டும் ஒண்ணா விழுந்தா எங்க போய்ச் சாயறது? உன் மேலயா?”

நான் என் சட்டையைக் குனிந்து பார்த்தேன். உரம் காய்ந்து பொருக்குத் தட்டி இருந்தது. தொடர்ந்து கலக்கினேன்.

இருவரிடமும் தனித்தனியாகக் கெஞ்சிப் பார்த்ததாகச் சொன்னாள். புருஷனிடம் ஒரு வார்த்தை பேசுங்களேன் என்றால், அந்த வார்த்தையை உன் அண்ணனைச் சொல்லச் சொல் என்கிறாராம். அண்ணனிடம் கேட்டால், நான் பெரியவன், நான் இறங்கி வந்தால் நாளைக்கு அவர் தலையில் ஏறி உட்காருவார் என்கிறாராம். இறங்குவது ஏறுவதெல்லாம் விமானத்தில் செய்யுங்கள், வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

அப்புறம் அந்த மீன் உரம் வந்தது.

மீன் கழிவைப் புளிக்க வைத்து, வடிகட்டி, இலைக்கு மேல் தெளிக்கிற திரவ உரம். பயிருக்கு நல்லதாம். மனிதனுக்கு அதன் வாடை போதும். பீப்பாயைத் திறந்ததும் கட்டை, செத்துப்போன எங்க மாமனாரே தேவலாம் என்றான். பழைய எண்ணெய் மாதிரி கறுப்பு, கூழ் மாதிரி கெட்டி. வடிகட்டியது சரியில்லை, அங்கங்கே செதிலும் முள்ளும் கிடந்தது. நிரப்பும்போது பம்பு மூட்டில் ஒழுகி எங்கள் காலெல்லாம் நாறியது. அந்த அளவில் ரப்பர் வளையம் வேண்டும் என்று தேடினோம். கட்டை கொட்டகைக்குள் போய் எங்கிருந்தோ ஒன்று கொண்டுவந்து மாட்டினான். ஒழுகல் நின்றது. நன்றாக இருக்கிறதே, எங்கேயடா கிடந்தது என்று கேட்டேன். சுவரில் சும்மா தொங்கியது என்றான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. தலைக்கு மேல் வேலை கிடந்தது.

அன்றைக்குக் காற்றே இல்லை. துணிப்பை ஈரச் சட்டை மாதிரித் தொங்கியது. காற்று இருந்தால் அதற்கு எதிர்முகமாகத்தான் இறங்குவார்கள். இரண்டு பேரும் ஒரே முனையிலிருந்து வருவார்கள். காற்று செத்துப்போனால் எந்த முனையிலிருந்தும் வரலாம்.

முதலாளி புதுசாக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மீன் உரத்தைப் பார்க்க வந்திருந்தார். மூக்கில் கைக்குட்டை. ஒலிபெருக்கியில் மச்சான் குரல் வந்தது. தெளிக்கிற குழாயெல்லாம் செதில் அடைத்துக்கொண்டு விட்டதாம். ஒரு சொட்டும் இறங்கவில்லையாம்.

“பாப்பா, முழுச் சுமையோட திரும்பி வர்றேன். வடக்க இருந்து இறங்குறேன்னு அந்த ஆளுகிட்ட சொல்லு.”

அடுத்த மூச்சில் மாப்பிள்ளை குரல். அவர் தொட்டி காலி.

“நான் தெக்க இருந்து இறங்குறேன். உங்க அண்ணன்கிட்ட சொல்லு.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். வடக்கு முனையில் மஞ்சள், வயிறு கனக்க, மெல்ல இறங்கி வந்தது. தெற்கு முனையில் வெள்ளை, இலேசாக, வேகமாக. நடுவில் ஓடுபாதை. ஓடுபாதைக்கு ஓரத்தில் நாங்கள்.

“அண்ணே, அவரு தெக்க இருந்து வர்றாராம். ஏங்க, அண்ணன் சுமையோட வடக்க இருந்து வர்றாராம்.” அக்கா குரல் ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டது.

போன தடவை நான்தான் ஒதுங்கினேன் என்று சொல்லு என்றார் மாப்பிள்ளை. அதற்கு முந்தின தடவை யார் என்று கேள் என்றார் மச்சான். இருவர் பேசியதும் இருவர் காதிலும் விழுந்தது. இருவரும் அக்கா சொல்வதற்காகக் காத்திருந்தார்கள்.

அக்கா சுவரைப் பார்த்திருக்கிறாள். ஆணி இரண்டும் மொட்டையாக இருந்தன.

“வளையம் எங்க?” என்று அவள் கேட்டது மைக்கிலேயே வந்தது. விமானிகள் இருவருக்கும் அது எங்கே போயிற்று என்று தெரிந்திருக்காது. கட்டை மெதுவாகப் பம்பைத் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் அவ்வளவு பரிதாபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அக்கா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் பார்த்திருப்பாள். யாரையும் கூப்பிடாமல், பொதுவாக, மேல போங்க என்று கத்திவிட்டாள்.

இரண்டு பேரும் மேலே போனார்கள்.

சந்தில் எதிரே வருகிறவருக்கு வழிவிட நாம் இடப்பக்கம் நகர, அவரும் அதே பக்கம் நகர, நாம் வலப்பக்கம் வர, அவரும் வருவாரே, அந்த ஆட்டத்தை நான் அன்றைக்கு வானத்தில் பார்த்தேன். இரண்டு மூக்கும் ஒன்றாக நிமிர்ந்தன. அக்கா, ஒருத்தர் மட்டும் என்று அலறினாள். அந்த ஒருத்தர் எதிரே இருக்கிறவர்தான் என்று இருவருமே முடிவு செய்தார்கள் போல. நாம் ஏன் ஒதுங்க வேண்டும், அவர் போகட்டும் என்று இரண்டு மூக்கும் ஒன்றாகக் குனிந்தன.

முதலாளி கைக்குட்டையைக் கீழே விட்டார்.

“என்னால முடியாது” என்று அக்கா சொன்னாள். கத்தவில்லை, களைத்துப்போன ஆள் மூட்டையை இறக்குகிற மாதிரிச் சொன்னாள். “நான் வச்சிடுறேன். நீங்க ரெண்டு பேருமே பேசிக்குங்க.”

மைக்கை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்து, கவிழ்த்துக் கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போது அவர்கள் பேசினார்கள். அத்தனை நாள் கழித்து, இருவரும் வாயைத் திறந்தார்கள். ஒரே நேரத்தில் திறந்தார்கள். வயர்லெஸ்ஸில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டு பேர் சேர்ந்து பொத்தானை அமுக்கினால் ஒருவர் பேச்சும் கேட்காது. ஒலிபெருக்கியில் கீச்சென்று ஒரு சத்தம், தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி. முதலில் பேசுகிறவர் தோற்றவர் என்ற போட்டியில் இருவரும் சேர்ந்தே தோற்றார்கள், அதுவும் யாருக்கும் கேட்காமல்.

மஞ்சளின் வயிறு திறந்தது.

மச்சான் சிவப்புக் கைப்பிடியை இழுத்துவிட்டார். தொட்டி நிறைய மீன் உரம், கறுப்புத் துணியை விரித்த மாதிரி, வானத்திலிருந்து இறங்கியது. சுமை கழன்ற மஞ்சள் துள்ளிக்கொண்டு மேலே எகிறியது. வெள்ளை அதற்கு அடியில், அந்தக் கறுப்புத் துணிக்குள் நுழைந்து, மறுபுறம் வெளியே வந்தது. வெளியே வந்தபோது அது வெள்ளை இல்லை.

மீதி எங்கள் மேல் விழுந்தது. முதலாளி சட்டையைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

மோதவில்லை. ஆனால் முடியவும் இல்லை. தாண்டி வந்த விமானம் ஆட ஆரம்பித்தது. ஒரு இறக்கை சாய்ந்தது, நிமிர்ந்தது, மற்றது சாய்ந்தது. ஒலிபெருக்கியில் மாப்பிள்ளையின் குரல்.

“கண்ணாடி முழுக்க அப்பிக்கிச்சு. எனக்கு ஒண்ணும் தெரியல.”

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. பெண்டாட்டி மைக்கை வைத்துவிட்டாள், கடவுளிடம் வயர்லெஸ் இல்லை. அக்கா முகத்திலிருந்து கையை எடுத்தாள். உள்ளே ஓட எழுந்தவள் மறுபடி வாளியிலேயே உட்கார்ந்தாள். தரையிலிருந்து அவளால் வழி சொல்லவும் முடியாது. அவர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார், தரை எவ்வளவு தூரம் என்று பக்கத்தில் பறக்கிறவருக்குத்தான் தெரியும்.

பெட்டி கரகரத்தது.

“மாப்பிள்ளை.”

கொஞ்சம் இடைவெளி. இந்த நேரத்திலும் மனுஷன் உங்க அண்ணன்கிட்ட சொல்லு என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

“சொல்லுங்க மச்சான்.”

“பக்கத்துலதான் வர்றேன். பயப்படாதீங்க. இடது இறக்கையக் கொஞ்சம் தூக்குங்க. போதும். அப்படியே வாங்க.”

மஞ்சள் மேலே ஒரு சுற்றுச் சுற்றி, கறுத்துப்போன விமானத்துக்குப் பின்னால் வந்து, கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் மேலே, கூடவே பறந்தது. பெரிய வட்டமாகக் கூட்டிக்கொண்டு போய்த் தெற்கு முனைக்குக் கொண்டுவந்தது. வழி நெடுகப் பேச்சு. வலப்பக்கம் திருப்புங்க. இன்னும் கொஞ்சம். மூக்க இறக்குங்க. மாமரம் தாண்டிட்டீங்க. வேகத்தக் குறைங்க. மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சரி மச்சான், சரி மச்சான் என்றார். அத்தனை நாள் பாக்கியையும் ஒரே தடவையில் தீர்க்கிற மாதிரி இருந்தது.

“தரை கீழ இருக்கு. ஆளுயரம். என்ஜின விட்ருங்க. இப்ப.”

மாப்பிள்ளை விட்டார். விமானம் விழுந்தது. விழுந்து குதித்தது. குதித்து விழுந்தது. மறுபடி குதித்து, பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுத்து, மீன் குழம்பிய மண்ணில் வழுக்கி, எங்கள் கலக்கும் தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. என் பிறப்பில் அவ்வளவு மோசமாக ஒன்று தரையில் இறங்கியதை நான் பார்த்ததில்லை. மூட்டையை அப்படிப் போட்டிருந்தால் எங்களை வேலையைவிட்டே அனுப்பியிருப்பார்கள்.

எல்லோரும் ஒலிபெருக்கியைப் பார்த்தோம். மச்சான் இன்னும் மேலேதான் இருந்தார். அவர் பார்த்திருப்பார். அவருக்கு நாக்கு அரித்திருக்கும். அரிக்காமல் இருக்குமா?

“நல்ல இறக்கம் மாப்பிள்ளை” என்றார்.

“மூட்டை பத்திரமா வந்து சேர்ந்துச்சு மச்சான்” என்றார் மாப்பிள்ளை.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. கட்டை மட்டும் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பம்புக்குப் பின்னால் போனான்.

மச்சானும் இறங்கி ஓடிவந்தார். மாப்பிள்ளை பொந்திலிருந்து ஏறி வெளியே வந்தார். காற்று வருகிற துவாரம் வழியாக உள்ளேயும் உரம் போதுமான அளவு போயிருந்தது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பேச ஆரம்பித்தார்கள். நீங்க மேல வந்தீங்கன்னு நான் கீழ வந்தேன், நீங்க கீழ வந்தீங்கன்னு நான் மேல போனேன், இல்ல இல்ல நான்தான் முதல்ல போனேன் என்று விடாமல் பேசினார்கள். தங்களுக்குள் பேச எவ்வளவு சேர்ந்திருந்தது என்று அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும். வாடை பிடித்து ஈ வந்தது. அவர்கள் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே வாளிப் பக்கம் வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி, என்ன பாப்பா, பயந்துட்டியா என்று கேட்டார் மச்சான்.

அக்கா எழுந்தாள். அண்ணனை ஒரு பார்வை, புருஷனை ஒரு பார்வை. கொட்டகைக்குள் போய்விட்டாள். போனதும் சுவரிலிருந்து ஆணி இரண்டையும் பிடுங்கி வெளியே எறிகிற சத்தம் கேட்டது.

மறுநாள் ஒலிபெருக்கியை அடக்க முடியவில்லை. நான் வாய்க்காலத் தாண்டிட்டேன் மாப்பிள்ளை. நான் இதோ திரும்புறேன் மச்சான். கீழ ஒரு பசுமாடு பாத்தீங்களா? பாத்தேன், சினை மாதிரி இருக்கு. முதலாளி, எரிபொருளைவிடப் பேச்சுத்தான் அதிகம் செலவாகிறது என்று முனகினார். ஆனாலும் பெட்டியை அணைக்கச் சொல்லவில்லை. அக்கா எரிபொருள் பார்த்தாள், மருந்து பார்த்தாள். மைக்கைத் தொடவில்லை. இருவரில் எவர் பேசினாலும் காதில் வாங்காத முகம். வீட்டிலும் அப்படித்தானாம்.

மதியம் இருவரும் மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தண்ணீர் குடிக்க வந்தவன், வாசலோரம் நின்றேன். அக்கா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“அந்த ரெண்டு பேருகிட்டயும் சொல்லு, போய் இன்னொரு தடவை குளிச்சிட்டு வந்தாத்தான் சாப்பாடுன்னு.”

இரண்டு பேரும் என்னிடமிருந்து ஒரு எட்டுத் தள்ளி இருந்தார்கள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள்.

மச்சான் எழுந்து நின்று என்னிடம், “இன்னும் எத்தன நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கப் போறாளாம்னு கேளு” என்றார்.

நான் சுமை ஆள். எனக்குத் தெரிந்தது மூட்டை. இருந்தாலும் அத்தனை நாளாக அக்காவைக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் பழகியிருந்தது.

“அக்கா” என்றேன். “நடந்ததுக்கு அண்ணன் ரொம்ப வருத்தப்படுறாரு.”

அக்கா திரும்பினாள். அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“அண்ணன் அப்படிச் சொல்லலையே” என்றாள். “எனக்குக் காது கேக்கும்.”

சொல்லிவிட்டு உப்பை எடுத்து மேஜையின் நடுவில், இரண்டு பேர் கைக்கும் எட்டுகிற மாதிரி வைத்தாள்.